இலவசமாக ஒரு மணி நேரம்

பூங்காவில் காலை ஆறு முதல் ஏழு வரை இலவசம். அந்த ஒரு மணி நேரம்தான் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பார்கள்.

அதைத் தண்ணீர் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஊர்ச் சாக்கடையை ஏதோ ஓர் ஆலையில் அரைகுறையாகச் சுத்தம் செய்து, குழாய் வழியே கொண்டுவந்து, தெளிப்பான்களால் நாலாபக்கமும் சுழற்றி அடிப்பது. நிறம் கிடையாது. நாற்றம் உண்டு. அழுகிய முட்டையின் மேல் பினாயில் ஊற்றியது போல. சட்டையில் நாலு சொட்டு பட்டால் போதும், அன்று முழுவதும் ஆட்கள் நம்மிடமிருந்து ஒரு முழம் தள்ளியே நிற்பார்கள்.

ஏழு மணிக்குத் தெளிப்பான்கள் அடங்கும். வாசனைப் புகை போடுவார்கள். ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குருவிச் சத்தம் தொடங்கும், மரங்களில் பாதியை வெட்டியதில் குருவிகள் போய்விட்டதால். பிறகு பெரிய கேட்டில் கட்டண இயந்திரம் உயிர்பெறும். கட்டணம் கட்டியவர்கள் வருவார்கள். அவர்களை 'விருந்தினர்' என்று சொல்ல வேண்டும். மக்கள் என்று சொல்லக்கூடாது. வேலையில் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

ஆம், பூங்காவை நடத்தும் கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். ஆறு முதல் ஏழு வரை பக்கவாட்டுக் கேட்டில் நின்று, உள்ளே போகும் தலைகளை எண்ணுவேன். மீதி நேரம் புகார்க் கடிதங்களுக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதுவேன்.

பூங்காவை மாநகராட்சி முப்பது வருடத்துக்குக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு: தினமும் ஒரு மணி நேரம் பொதுமக்களுக்கு இலவசம். எந்த மணி நேரம் என்பதைக் கம்பெனி முடிவு செய்யலாம். இன்னொரு பிரிவு: மூன்றாம் வருடத்தில் தொடர்ந்து முப்பது நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். மொத்தம் ஆயிரத்து இருநூறு பேர் வராவிட்டால், மக்களுக்குத் தேவையில்லை என்று பொருள். இலவச நேரத்தை நீக்கிக்கொள்ளலாம். புள்ளியியலில் பட்டம் பெற்ற ஒருவர் கையால் எண்ணி, தினமும் கையெழுத்திட வேண்டும்.

நான் புள்ளியியல் படித்தவன். ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குப் பதினொரு நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் அவள் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் கல்லூரிக்குப் போகவில்லை. போகவில்லை என்பதையே அவர்கள் கடிதம் அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

மேலாளர் என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, கைக்குள் அடங்கும் ஓர் இரும்புக் கருவியைக் கொடுத்தார். கட்டைவிரலால் அமுக்கினால் 'டிக்' என்று ஓர் எண் கூடும்.

"சும்மா நின்னா போதும் சார். யாரு வரப்போறா? இந்த நாத்தத்துல நாய்கூட வராது" என்றார். கைக்குட்டையில் சென்ட் அடித்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"தண்ணிய வேற நேரத்துல அடிக்கலாமே?"

"அப்ப விருந்தினருக்கு நாறுமே" என்றார், நான் ஏதோ புரியாத பிள்ளை போல.

வீட்டில் மூன்று பேர். நான், என் நாலு வயது மகள், மனைவியின் அப்பா. மகளை எல்லோரும் சுண்டெலி என்றே கூப்பிடுவோம். மாமா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மாமி போய்ப் பல வருடம். என் மனைவி போன அடுத்த மாதமே அவருக்கு இடது கால் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்களோடு இருக்கிறார். தினமும் ஒரு மணி நேரம் சமதரையில் நடந்தால் கால் நிற்கும், இல்லாவிட்டால் கட்டில்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. லாரிகள் சுவரை உரசிக்கொண்டு போகும். சமதரை என்றால் பூங்காதான். பூங்காவில் ஒரு நாள் கட்டணம், வீட்டில் மூன்று பேரின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு.

கல்யாணமான புதிதில் அவளோடு போனபோது அது வெறும் பூங்கா. சும்மா போய்ச் சும்மா வருவோம்.

நடத்துநர்கள் எந்தப் பலகையையும் படிக்காமல் விடமாட்டார்கள். பக்கவாட்டுக் கேட்டில் பொடி எழுத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை மாமா முதல் நாளே படித்துவிட்டார்.

"மாப்ள, ஆயிரத்து எரநூறாமே?"

"ஆமா மாமா."

"இன்னிக்கு எத்தன?"

"அதச் சொல்லக்கூடாது மாமா. எண்ணி முடியிற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது."

"சொல்லாதீங்க. பதினொண்ணு" என்றார். கருவியிலும் கிட்டத்தட்ட அதுதான் இருந்தது.

முதல் வாரம் அப்படியே போனது. பத்து, பதினைந்து, பதினெட்டு. மேலாளர் ஏழு மணிக்கு வந்து, தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "பிரமாதம்" என்பார்.

எட்டாம் நாள் மாமா ஆள் சேர்க்கத் தொடங்கினார். எப்படிச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. காலை ஐந்தே முக்காலுக்குப் பக்கவாட்டுக் கேட்டில் குடைகளாக நின்றன. மழையில்லாத வானத்தின் கீழே நாற்பது குடை. மழைக்கோட்டில் ஒரு தையல்காரி. இரவுப் பணி முடிந்த இரண்டு நர்சுகள், முகக்கவசத்தோடு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் காதோடு கட்டியிருந்தார்.

மாமா கேட்டருகே நின்று, வலது கையால் குடையைப் பிடித்து, இடது கையால் கேட்டைத் தட்டினார்.

"உள்ள போ, உள்ள போ. முன்னாடி எடம் இருக்கு. படியில நிக்காத."

"கண்டக்டரே, இந்த வண்டி எங்க போகுது?" என்றார் தபால்காரர்.

"சாக்கடைக்கு. நேர் வண்டி. நடுவுல நிக்காது."

"டிக்கெட்டு?"

"மூக்க மூடிக்க. அதான் டிக்கெட்டு."

தையல்காரி என்னைக் கடக்கும்போது, "ஏங்க எண்ணுற தம்பி, என்ன ரெண்டா எண்ணுங்க, நான் குண்டா இருக்கேன்" என்றாள். நர்சுகள் சிரித்தார்கள். நான் ஒன்றாக எண்ணினேன்.

கடைசியில் மாமாவும் சுண்டெலியும் வருவார்கள். அவள் தாத்தாவின் குடைக்குள் இருந்து எட்டிப் பார்ப்பாள்.

"அப்பா, நான் எத்தனாவது?"

"உள்ள போ."

"சொல்லுப்பா. எத்தனாவது?"

"பேசக்கூடாது. உள்ள போ."

தினமும் கேட்டாள். நானும் தினமும் அதையே சொன்னேன். கட்டைவிரல் கருவிக்கு மேலேயே நின்றது. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கெடுப்பவன் தன் வீட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சொந்த வீடு வந்தால் எண்ணில் கறை படியும். முதல் வருடமே கற்றுக்கொண்டது. நான் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தது. அதை யோசித்துச் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த நாட்களில் நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை.

உள்ளே அவர்கள் நடப்பதைக் கேட்டிலிருந்து பார்ப்பேன். அந்த நேரத்தில் பெஞ்சுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். பழைய குடிநீர்க் குழாய் இருந்த இடத்தில் பாட்டில் விற்கும் பெட்டி. ஊஞ்சல்களின் பலகையைக் கழற்றி எடுத்துவிடுவார்கள், வெறும் சங்கிலி தொங்கும். சுண்டெலி இரண்டு சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு நடுவில் காற்றில் உட்காருவது போல நிற்பாள். குடைகள் வரிசையாகப் பாதையைச் சுற்றி வரும். தெளிப்பான் திரும்பும்போதெல்லாம் எல்லாக் குடையும் ஒரே பக்கம் சாயும். மாமா இடது காலை இழுத்து இழுத்து வைப்பார். நாளாக ஆக இழுப்பது குறைந்தது. அதை மட்டும் கவனித்தேன்.

இருபதாம் நாளுக்கு மேல் மேலாளருக்குச் சிரிப்பு போய்விட்டது. தெளிப்பான்களின் வாயை உயர்த்தச் சொன்னார். நீர் குடைக்கு அடியில் புகுந்து முகத்தில் அடித்தது. தையல்காரி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் நடந்தாள். அதை மேலாளர் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா அவருக்குச் சென்ட் பாட்டில் என்று பெயர் வைத்தார். மறுநாள் முதல் எல்லோரும் கேட்டைக் கடக்கும்போது மாடியைப் பார்த்து, "சென்ட் பாட்டிலுக்கு வணக்கம்" என்றார்கள்.

முப்பதாம் நாள் ஏழு மணிக்குக் கூட்டிப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று. கையெழுத்திட்டேன். மேலாளர் இரண்டு தடவை கூட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை ஈரமாக, மணமாக இருந்தது.

"முப்பத்தேழு கம்மி. சார், உண்மையச் சொல்றேன், நேத்து வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல. உங்க மாமனார்தான் இதுக்கெல்லாம் மூலம்னு தெரியும். நீங்க நாலு எண்ண ஏத்திவிட்டா நான் என்ன பண்ண முடியும்? ஏத்தல. நீங்க நேர்மையான மனுஷன்."

மேசையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "ஊழியர் குடும்பத்துக்கு இலவசப் பாஸ். நாள் முழுக்க. பெஞ்சும் சேத்துதான். உங்க மாமாவுக்குக் கால் சரியில்லயாமே. வீட்டுல எத்தன பேரு?"

"நாலு" என்றேன்.

அவர் எழுதினார். அந்த எண்ணைப் பார்த்தேன்.

"மூணு" என்றேன்.

அடித்துவிட்டு எழுதினார். அதில் ஒன்றும் வித்தியாசமாக அவருக்குப் படவில்லை.

வீட்டில் மாமா ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை உடைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது பொட்டலம். மறுநாள் கேட்டில் கொடுக்க. சுண்டெலி தரையில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். கொடியில் மூன்று குடையும் தலைகீழாகத் தொங்கின. வீடு முழுக்க அந்த நாற்றம். முப்பது நாளில் அது எங்கள் நாற்றமாகிவிட்டது.

"இப்ப சொல்லலாம்ல மாப்ள?"

"ஆயிரத்து நூத்தி அறுவத்து மூணு."

அவர் நூலை முடிச்சுப் போட்டு முடித்தார்.

"இல்லியே" என்றார். "ஆயிரத்து எரநூத்தி இருவத்தொண்ணு."

"மாமா, நான் ஒவ்வொரு ஆளா…"

"நாப்பது பேரு நிக்கிற வண்டியில கண்ணாலயே எண்ணுனவன் நான். முப்பத்தஞ்சு வருஷம். செக்கிங் வந்து ஒரு தடவகூட எனக்குக் கொறஞ்சதில்ல."

சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்தார். தேதி, எண். தேதி, எண். பந்தயம் கட்டியவரைப் போல என் முன் வைத்தார். நான் என் எண்களை நினைவிலிருந்து சொன்னேன். எல்லா நாளும் இரண்டு வித்தியாசம். பத்தொன்பதாம் நாளும் இருபதாம் நாளும் மட்டும் ஒன்று.

"அந்த ரெண்டு நாளு பாப்பாவுக்குச் சளி" என்றார் மெதுவாக. "நான் மட்டும்தான் வந்தேன்."

சுண்டெலி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"எங்கள நீங்க எண்ணல."

"எண்ணக்கூடாது மாமா. அது ஒரு வழக்கம். சொந்த வீட்ட…"

"யாரு சொன்னா? அந்தத் தாள்ல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அது வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்புக்கான வழக்கம். கேட்டில் தலை எண்ணுபவனுக்கு அல்ல. முதலாண்டு மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.

மாமா எழுந்துகொண்டார். எனக்குத் தெரிந்து அவர் என்னை நீ என்று சொன்னது அன்றுதான்.

"என் பொண்டாட்டி என் வண்டியில ஏறுனா, அவளுக்கு நான் டிக்கெட் கிழிச்சிருக்கேன். என் பைக்காசு போட்டு. உன் பொண்டாட்டி, கைக்குழந்தையா டிக்கெட் இல்லாம வந்தவ, மூணு வயசு முடிஞ்ச அன்னிக்கே அரை டிக்கெட் கிழிச்சேன். வண்டியே சிரிச்சுது. சொந்தக்காரன்னா சேத்து எண்ணணும்டா. விட்டுட்டுப் போனா அது நேர்மையா? நீ எங்கள எண்ணாம விட்டது அவனுக்குத்தான் லாபம். அவனுக்குத் தெரியாமயே அவன் வேலையச் செஞ்சு குடுத்திருக்க."

நான் படிவத்தை மேசையில் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வைத்தேன்.

"இது என்ன?"

"பாஸ். நம்ம மூணு பேருக்கு. நாள் முழுக்க."

அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். நான்கை அடித்து மூன்று என்று எழுதியிருந்த இடத்தில் அவர் கண் நின்றது.

"அந்தத் தையல்காரம்மா வாந்தி எடுத்துட்டு நடந்தா" என்றார். "அவ வெளிய நிக்க, நான் பாஸக் காட்டிட்டு உள்ள போகணும். அவ மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்?"

சுண்டெலி கேட்டாள்: "அப்பா, என்ன எண்ணவே இல்லியா? ஒரு நாள்கூடவா?"

அப்போதுதான் எனக்கு ஏதோ வலித்தது. அவள் போன எட்டு மாதத்தில் முதல் முறை. வலி என்றால் அழுகை வரவில்லை. வாய் முழுக்க அந்த நீரின் சுவை வந்தது. கழிவறைக்குப் போய்த் துப்பினேன். என் மேலேயே துப்பிக்கொள்ளாத குறை.

அன்று மதியமே கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். என் வீட்டார் இருவரைத் தவறாக விட்டுவிட்டேன், அவர்கள் வந்தது ஐம்பத்தெட்டு முறை, சரியான தொகை இது, கீழே கையெழுத்து. மாநகராட்சியில் பூங்காப் பிரிவு இரண்டாம் மாடியில், பிறப்புச் சான்றிதழ் வரிசைக்குப் பின்னால் இருந்தது. அதிகாரி அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"சொந்தக்காரங்கள ஏத்திக் காட்டுனவங்கதான் இங்க வருவாங்க" என்றார். "கொறச்சுக் காட்டுனேன்னு சொல்லி வர்ற மொத ஆள் நீங்கதான்."

"ஐம்பத்தெட்ட சேத்துக்கலாமா மேடம்?"

"சேக்க முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டது போட்டதுதான்." பக்கங்களைப் புரட்டினார். "ஆனா எண்ணுனவரே தப்புன்னு எழுதிக் குடுத்தா, முப்பது நாளும் செல்லாது. வேற ஆள வச்சு மறுபடி மொதல்லேருந்து எண்ணணும். கம்பெனிக்காரங்க உங்கள விடமாட்டாங்க தம்பி. உங்க வேல போயிடும்."

"சரி."

"பாஸ் எதாச்சும் குடுத்தாங்களா?"

எடுத்து நீட்டினேன். அதைக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தினார். அவர் முகத்தில் அப்போது ஒரு மலர்ச்சி தெரிந்தது. சாப்பாடு ஆறியது பற்றிக் கவலைப்படவில்லை.

மேலாளர் தொலைபேசியில்தான் பேசினார். நேர்மையான மனுஷன் என்று சொன்ன அதே வாயால் என்னை என்னவெல்லாம் சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. கருவியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னார். கொடுத்தேன். ரசீதில் 'பழுதற்ற நிலையில்' என்று எழுதியிருந்தது.

மறு எண்ணிக்கை இரண்டு வாரம் கழித்துத் தொடங்கியது. அதற்குள் பிஸ்கட் நமுத்துப் போயிருந்தது. மாமா இப்போது என்னோடு அளவாகப் பேசுகிறார். மறுபடி 'நீங்க' ஆகிவிட்டேன். அது மரியாதையா, கோபமா என்று தெரியவில்லை.

முதல் நாள் ஐந்தே முக்காலுக்குப் போனோம். பக்கவாட்டுக் கேட்டில் புதிய ஆள் நின்றாள். படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காத பெண். முகக்கவசத்துக்கு மேல் கண் கலங்கியிருந்தது, நாற்றத்தால். கையில் என் கருவி. மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் கோப்பையோடு அவர்.

தெளிப்பான்களை இன்னும் உயர்த்தியிருந்தார்கள். நீர் கேட் வரை வந்தது. எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர். தையல்காரி இந்த முறை குளிக்கும் தொப்பி போட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க எண்ணுற தம்பி, எங்கள மாதிரி நாறத்தான் வந்தீங்களா?" என்றாள்.

"ஆமாக்கா."

"முன்னாடி எடம் இருக்கு. உள்ள போங்க."

மாமா குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தார், முகம் தெரியட்டும் என்று. டிக். சுண்டெலி கேட்டின் நடுவில் நின்றுவிட்டாள்.

"அக்கா, நான் எத்தனாவது?"

அந்தப் பெண் மாடியைப் பார்த்தாள். பேசக்கூடாது என்று அவளுக்கும் சொல்லியிருப்பார்கள். பிறகு குனிந்து, கருவியைச் சுண்டெலியின் முகத்துக்கு நேரே பிடித்து, அவள் பார்க்கும்படி கட்டைவிரலை அமுக்கினாள்.

சுண்டெலிக்கு இன்னும் பத்துக்கு மேல் சரியாகப் படிக்க வராது. "ஒண்ணு, ஏழு" என்றாள்.

நான் பதினெட்டாவதாக உள்ளே போனேன். இரண்டு அடி வைப்பதற்குள் தெளிப்பான் திரும்பி முகம் முழுக்க அடித்தது.